நாலாவது விளக்கு

கிழக்குத் தாம்பரம்
14.11.1989

அன்புள்ள ஸ்டெல்லா அப்பாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் போடத் தாமதமாகிவிட்டது. முதல் கடிதத்துக்கு எழுத உட்கார்ந்தபோது பாப்பாவுக்கு வாந்தி. இரண்டாவதுக்கு உட்கார்ந்தபோது அவளுக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் எழுத வரவில்லை.

ஸ்டெல்லா பாப்பா நன்றாக இருக்கிறாள். கீழே ஒரு பல் வெளியே தெரிகிறது. சங்கிலியைக் கடிக்கிறாள், என் தோளைக் கடிக்கிறாள், என் அப்பாவின் கண்ணாடிக் கூட்டைக் கடிக்கிறாள். மார்பில் லேசாகச் சளி இருக்கிறது போல எனக்குத் தோன்றுகிறது. அம்மா இல்லை என்கிறாள். தூங்கும்போது மூச்சு சரியாக வருகிறதா என்று மூக்கின் அருகே விரலை வைத்துப் பார்க்கிறேன், அதனாலேயே விழித்துக்கொள்கிறாள். அவளுடைய தடுப்பூசி அட்டை அங்கே பீரோவில் சேலைக்கு அடியில் இருக்கும், அனுப்புங்கள்.

நேற்று பக்கத்து வீட்டு வேதசிரோமணி சார் துக்கம் விசாரிக்க வந்தார். "உம் புருஷன் ஏதோ ரேடியோ பெட்டி செஞ்சு வெச்சிருந்தாராமே, அது இருந்துமா அவர் தம்பி கடல்ல போயிட்டான்?" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல ஒப்பித்தேன். கோவளத்தில் மீனவர் சங்கத்துக்குப் பழைய வாக்கி டாக்கி நாலு கிடைத்தன. நாலும் நாலு அலைவரிசை, ஒன்றில் பேசினால் இன்னொன்றில் கேட்காது. அதனால் நீங்கள் கரையில், நம் வீட்டில் வைக்க ஒரே பெட்டி செய்தீர்கள். அது நாலு அலைவரிசையையும் மாறி மாறித் தொட்டுப் பார்க்கும். நாலு சிவப்பு விளக்குகள் வரிசையாக ஓடும். எந்தப் படகு பேசுகிறதோ அந்த விளக்கில் நின்று குரலைக் கொடுக்கும். பெட்டியால் கேட்க மட்டும்தான் முடியும், பதில் பேச முடியாது. பகலில் நீங்கள் பம்மலுக்கு ரேடியோ கடை வேலைக்குப் போய்விடுவீர்கள், நான்தான் கேட்டு நோட்டில் எழுதுவேன். இன்ஜின் நின்றுவிட்டது என்று ஒரு படகு சொன்னால் ஓடிப்போய்ச் சங்கத்தில் சொல்வேன், வேறு படகு போகும்.

"அப்போ அன்னிக்கு?" என்றார் சார்.

பாப்பா அழுகிறாள் என்று எழுந்து உள்ளே போனேன். அவள் அழவில்லை.

அத்தை சாப்பிடுகிறார்களா? எழுதுங்கள். எப்போது வருகிறாய் என்று இரண்டு கடிதத்திலும் கேட்டிருக்கிறீர்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

மேரி

---

கோவளம்
19.11.89

மேரிக்கு,

அட்டை உள்ளே இருக்கிறது. சளிக்குத் தைலம் தேய்க்காதே, டாக்டர் வேண்டாம் என்றது ஞாபகம் இருக்கட்டும்.

நேற்று பாதத்துக்கு முப்பதாம் நாள் பூசை. நீ வரவில்லை. ஊரில் யாரும் எதுவும் கேட்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அம்மா பூசை முழுக்கக் கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தாம்பரம் பஸ்ஸு லேட்டா பூட்ச்சிடா, கேளம்பாக்கத்துல மாறணுமே" என்று எனக்கே சமாதானம் சொன்னாள். ஏசுபாதம் என்று ஊர் கூப்பிட்டபோது அவனுக்குப் பாதம் என்று பேர் வைத்துச் சுருக்கியவள் நீ. உன்னை அண்ணி அண்ணி என்று சுற்றி வந்தவன். நீ ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கலாம்.

லோகநாதனுக்குக் கால் கட்டுப் பிரித்தாயிற்று. பாதத்தின் படகில் போன மூன்று பேரில் தப்பி வந்தது இரண்டு பேர். அவன்தான் பேசுகிறான், மற்றவன் வாயே திறப்பதில்லை. லோகநாதன் கரையில் உட்கார்ந்து பார்ப்பவர்களிடமெல்லாம் அதையே சொல்கிறான். "இன்ஜினு நின்னுச்சு. காத்து மாறிச்சு. தண்ணி ஏறிக்கினே கீது. பாதம் வாக்கி டாக்கிய வாயில வெச்சுக்கினு அரை மணி நேரம் கூப்டான் சார். அண்ணி, நாலாவது வெளக்கு, அண்ணி, நாலாவது வெளக்குன்னு." நிறுத்து என்று சொல்ல முடியவில்லை. அதைச் சொன்ன பிறகுதான் அவனுக்குச் சோறு இறங்குகிறது.

சங்கச் செயலாளர் சம்பந்தம் அண்ணன் இரண்டு முறை வந்துவிட்டார். பெட்டியில் பழுதா இல்லையா என்று அவருக்குத் தெரிய வேண்டும். மற்ற மூன்று படகும் அதை நம்பிக் கடலுக்குப் போகலாமா வேண்டாமா. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பெட்டியைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். வா.

சவுரி

---

கிழக்குத் தாம்பரம்
24.11.1989

அன்புள்ள ஸ்டெல்லா அப்பாவுக்கு,

கேட்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் என்னால் வர முடியவில்லை. கேட்காத வீட்டில் எப்படி இருப்பது? நானே சொல்கிறேன்.

அக்டோபர் பத்தொன்பது வியாழக்கிழமை. முந்தின நாள் பாப்பாவுக்கு ஊசி போட்டது. காய்ச்சல். இரண்டு நாளாக அவள் தொடர்ந்து அரை மணி நேரம் தூங்கவில்லை. அன்று மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கண் மூடினாள். பக்கத்து வீட்டு ரத்தினபாய் அக்கா கிரைண்டரைப் போட்டார்கள்.

கிரைண்டர் ஓடும்போதெல்லாம் பெட்டி ஏமாந்துபோகும் என்று உங்களுக்குத் தெரியும். மோட்டாரின் பொறியை யாரோ பேசுகிறார்கள் என்று எண்ணி ஏதாவது ஒரு விளக்கில் நின்று சர்ரென்று இரையும், மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். பாப்பா திடுக்கிட்டு விழித்தாள். தட்டினேன். மறுபடி விழித்தாள். மூன்றாவது முறை அவள் அழுத அழுகையில் உதடு நீலமாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. எழுந்துபோய் ஸ்க்வெல்ச் குமிழைத் திருப்பினேன்.

அந்தக் குமிழின் வேலை இன்னதென்று நீங்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்தது நேற்று போல இருக்கிறது. யாரும் பேசாதபோது வரும் இரைச்சலை அது அடைத்து வைக்கும். முழுக்கத் திறந்துவிட்டால் பெட்டி இரைச்சலையே பேச்சு என்று நினைத்து ஒரே விளக்கில் நின்றுவிடும், மற்ற படகுகளைப் பார்க்காது. அதிகமாக அடைத்தால் தூரத்திலிருந்து வரும் மெல்லிய குரலும் இரைச்சலோடு சேர்ந்து அடைபட்டுப்போகும். நடுவில் ஓர் இடம்தான் சரி. அந்த இடத்தில் என் நகப்பூச்சை எடுத்து நீங்கள்தான் கோடு போட்டீர்கள். "இதுக்கு மேல போகாத மேரி. போனா பக்கத்துல இருக்கிறவன் பேசுறது கேக்கும், தூரத்துல இருக்கிறவன் செத்தாலும் கேக்காது" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள்.

கோட்டுக்கு மேலே இரண்டு விரல் அகலம் திருப்பினேன். கிரைண்டர் நிற்கும்வரைதான் என்று நினைத்துத் திருப்பினேன். பாப்பா தூங்கினாள். நானும் தூங்கிப்போனேன்.

விழித்தபோது மணி நாலரை. நாலு விளக்குகளும் எங்கும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. எவ்வளவு அமைதியான மத்தியானம் என்று நினைத்தேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதியதற்கு அர்த்தமில்லை. அப்படித்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு கரையிலிருந்து சத்தம் வந்தது.

நீங்கள் பம்மலிலிருந்து வந்ததும் நேராகப் பெட்டியிடம் போனீர்கள். குமிழைப் பார்த்தீர்கள். ஒரு விரலால் மெல்லத் திருப்பிக் கோட்டில் கொண்டுவந்து வைத்தீர்கள், வேறு யாரும் பார்ப்பதற்கு முன்னால். உங்கள் பின்னால் நான் நின்றேன். நான் நிற்பது உங்களுக்கும் தெரியும். திரும்பாமலே கரைக்குப் போய்விட்டீர்கள். ஏன்டி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அங்கேயே இருந்திருப்பேன்.

அம்மா இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு மனுப் போடச் சொல்கிறாள். "கடற்கரையில கட்டிக் குடுக்க வேண்டாம்னு அன்னிக்கே சொன்னேன்" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறாள். நான் செய்தது அவளுக்குத் தெரியாது. அத்தைக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

மேரி

---

கோவளம்
9.12.89

மேரிக்கு,

பதினைந்து நாளாக எழுதவில்லை என்று வருத்தம் வேண்டாம். பெட்டியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழுது கிடைத்துவிட்டது. நாலாவது விளக்கின் அலைவரிசையைப் பிடிக்கிற கிறிஸ்டல் செத்துப்போயிருக்கிறது. உப்புக் காற்று உள்ளே போயிருக்கலாம். விளக்கு எரியும், ஓடும், ஆனால் அந்த அலைவரிசையில் பெட்டிக்குக் காதே கிடையாது. குமிழ் கோட்டில் இருந்தாலும், கோட்டுக்குக் கீழே இருந்தாலும், கோட்டுக்கு மேலே இருந்தாலும் பாதத்தின் குரல் வந்திருக்காது. நீ விழித்திருந்தாலும் வந்திருக்காது. புரிகிறதா? உன் கையில் ஒன்றுமில்லை. குற்றம் என் பெட்டியில்.

நம்ப வேண்டும் என்பதற்காக அந்தக் கிறிஸ்டலையே கழற்றி இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். எங்கே வேண்டுமானாலும் காட்டிப் பார்.

சங்கத்திலும் சொல்லிவிட்டேன். சம்பந்தம் அண்ணன் நல்ல மனிதர், திட்டவில்லை. மூன்று படகுக்காரர்களும் வாக்கி டாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பழையபடி போகிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு. அம்மா ஸ்டெல்லாவுக்கு மஞ்சள் கவுன் தைக்கக் கொடுத்திருக்கிறாள். துக்க வருஷத்தில் புதுத் துணியா என்று நான் கேட்டதற்கு, "புள்ளைக்கு இன்னாடா துக்கம்" என்கிறாள்.

சவுரி

---

கிழக்குத் தாம்பரம்
14.12.1989

அன்புள்ள ஸ்டெல்லா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. படித்துவிட்டுச் சமையலறையில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சோறு ருசித்தது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தாம்பரம் மார்க்கெட் வரைக்கும் நடந்தேன். அவளுக்குப் பலூன் வாங்கினேன். அம்மாகூடக் கேட்டாள், "என்னடி, மாப்பிள்ளை வரச் சொல்லிட்டாரா?" என்று. உங்கள் பொய்யால் எனக்கு ஒன்றரை நாள் கிடைத்தது. அதற்கு நன்றி சொல்லித்தான் இதை ஆரம்பிக்க வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் கிறிஸ்டலை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். வெள்ளித் தகரத்தில் 47.500 என்று அடித்திருக்கிறது.

உங்களுக்கு மறந்துவிட்டதா? பெட்டி செய்யும்போது நாலு படகுக்கும் எந்தக் கிறிஸ்டல் வேண்டும் என்று கணக்குப் போட்டது நான். உங்களுக்குச் சாலிடர் வைக்கத் தெரியும், தசமப் புள்ளி தகராறு செய்யும். கிறிஸ்டலில் உள்ள எண்ணை மூன்றால் பெருக்கி, பத்து புள்ளி ஏழு கூட்டினால் படகின் அலைவரிசை வர வேண்டும். கடலிலிருந்து வரும் வேகமான அலையை நேராகக் கையாள முடியாது. பெட்டிக்குள் நாமே வேறோர் அலையை உண்டாக்கி, இரண்டையும் மோதவிட்டு, மிஞ்சுகிற பத்து புள்ளி ஏழைத்தான் பெட்டி கேட்கிறது. கல்லூரியில் எனக்குப் பாடமாக இருந்தது உங்கள் மேஜையில்தான் புரிந்தது. பாதத்தின் அலைவரிசை 151.1. அவனுக்கு வேண்டியது 46.800. நீங்கள் அனுப்பியதைப் பெருக்கிக் கூட்டினால் 153.2 வருகிறது. அந்த எண்ணில் நம்மிடம் படகே இல்லை.

அப்படியும் நான் கணக்கில் தப்பு செய்திருப்பேன் என்று ஆசைப்பட்டேன். இன்று காலையில் பாப்பாவை அம்மாவிடம் விட்டுவிட்டுப் பம்மலுக்குப் போனேன். நீங்கள் ஏதோ சாமான் வாங்க வெளியே போயிருந்தீர்கள், அது தெரிந்தபிறகுதான் கடைக்குள் ஏறினேன். உங்கள் முதலாளி கேசவன் சார் கிறிஸ்டலை மீட்டரில் சொருகிப் பார்த்தார்.

"செத்ததுதாம்மா. ஆனா இது இப்ப சாகலை. இது செத்து ரெண்டு வருஷம் ஆவுது."

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"எப்டியா? நாந்தானே குப்பை டப்பாவுல போட்டேன்! ஒரு செக்யூரிட்டி கம்பெனி செட்டுல இருந்து கழட்டினது. உம் புருஷன் இன்னாத்துக்கு இதைக் கவர்ல போட்டு அனுப்பிகினுகீறான்? காதல் பரிசா?" என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திவிட்டு, டீ சொல்லட்டுமா என்றார்.

கிறிஸ்டலில் இருந்த எண்ணையாவது சுரண்டிவிட்டு அனுப்பியிருக்கலாமே?

எனக்காகச் சொன்ன பொய் என்று தெரிகிறது. ஆனால் அதைச் சங்கத்திலும் சொல்லியிருக்கிறீர்கள். பழுதில்லாத பெட்டியைத் துணி போட்டு மூடிவிட்டீர்கள், மூன்று படகு காதில்லாமல் கடலுக்குப் போகிறது. நாளைக்கு அவற்றில் ஒன்றின் இன்ஜின் நின்றால்? நான் ஒருவனைத்தான் கேட்காமல் விட்டேன். இப்போது நீங்கள் எனக்காக ஒன்பது பேரைக் கேட்காமல் விட்டிருக்கிறீர்கள்.

பெட்டி நன்றாக இருக்கிறது, கேட்க வேண்டியவள் தூங்கிவிட்டாள் என்று சம்பந்தம் அண்ணனிடம் சொல்லுங்கள். உங்களால் முடியாவிட்டால் நான் வந்து சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வர மாட்டேன். மஞ்சள் கவுனை எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பிள்ளை அதற்குள் வளர்ந்துவிடமாட்டாள்.

மேரி

---

கோவளம்
20.12.89

மேரிக்கு,

ஆமாம், பொய்தான். சுரண்டுவதற்குக் கத்தியை எடுத்தேன். கை வரவில்லை. நீ எண்ணைப் பார்ப்பாய் என்று ஒரு மனசுக்குத் தெரிந்திருக்கும் போல.

உண்மைதான் வேண்டும் என்றால் முழுசாக வாங்கிக்கொள். பாதத்தை அடக்கம் செய்த ஐந்தாம் நாள் மத்தியானம், அம்மாவும் நீயும் கல்லறைக்குப் போயிருந்த நேரம், பெட்டி பக்கத்தில் டேப் ரிகார்டரை ஓடவிட்டேன். குமிழ் கோட்டில். நாலாவது விளக்குக்கு ஒத்துப்போகிற மாதிரி இன்னொரு வாக்கி டாக்கியை மாற்றி எடுத்துக்கொண்டு, காலில் கட்டோடு லோகநாதனையும் படகில் ஏற்றிக்கொண்டு போனேன். அவன் இடம் காட்டினான். "இங்கதான்ணே" என்றான். அங்கே நிறுத்தி, ஒன்று முதல் ஐம்பது வரை எண்ணினேன். திரும்பி வந்து கேசட்டைக் கேட்டேன்.

கேட்டது. இரைச்சலுக்கு அடியில், யாரோ பானைக்குள் இருந்து எண்ணுவதுபோல. ஆனால் கேட்டது. ஏழு, எட்டு, ஒன்பது எல்லாம் தெளிவாக இருக்கிறது. மறுபடி குமிழை நீ வைத்த இடத்தில் வைத்து இன்னொரு முறை போனேன். அந்தக் கேசட்டில் ரத்தினபாய் யாரையோ திட்டுவது மட்டும்தான் இருக்கிறது.

இது எனக்கு அக்டோபரிலிருந்து தெரியும். நீ மூட்டை கட்டிக்கொண்டு தாம்பரம் போனபோது தடுக்காததற்குக் காரணம் இதுதான். உன்னைப் பார்த்தால் நான் கேட்டுவிடுவேனோ என்று பயம். பிறகு நீயே எழுதினாய். நீ எழுதிய பிறகுதான் நான் பொய்யைத் தேடினேன்.

இன்னொன்று இருக்கிறது. நீ அதை எழுதவில்லை, மறந்துபோய் விட்டிருக்க மாட்டாய். கிரைண்டர் போட்டால் பெட்டி ஏமாந்துபோகிறது, சரி செய்யுங்கள் என்று நீ என்னிடம் மூன்று முறை சொன்னாய். ஆகஸ்ட்டில் ஒன்று, செப்டம்பரில் இரண்டு. ஒரு ரெசிஸ்டரும் ஒரு கண்டென்சரும் போட்டால் போதும், மோட்டார் பொறி மாதிரி வெட்டி வெட்டி வருகிற சத்தத்துக்குப் பெட்டி அசையாது. கோட்டைத் தாண்டிக் குமிழ் போகாமல் ஓர் ஆணி அடிக்கவும் நினைத்திருந்தேன். ஒரு மத்தியான வேலை. ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பாதத்தோடு கேரம் ஆடினேன்.

அதனால் தூங்கியது நீ மட்டும் இல்லை மேரி. நானும்தான்.

சம்பந்தம் அண்ணனிடம் நானே சொல்கிறேன். அம்மாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம். அவள் உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உன்னையும் அவளிடமிருந்து பிடுங்க வேண்டாம்.

சவுரி

---

கிழக்குத் தாம்பரம்
29.12.1989

அன்புள்ள ஸ்டெல்லா அப்பாவுக்கு,

புதன்கிழமை வீட்டுக்கு வந்து போனேன் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் பம்மலில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வந்தேன். நீங்கள் இருந்தால் என்னைப் பேசவிட மாட்டீர்கள்.

அத்தை வாசலில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாப்பாவைக் கையில் வாங்கி மூக்கை மூக்கால் தேய்த்து, "கள்ளி, பல்லு வந்துச்சா? ஆயாவ கடி பாக்கலாம்" என்றார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன். குமிழ், கிரைண்டர், தூக்கம், எல்லாம். கிறிஸ்டல் செத்தது என்று நீங்கள் சொன்னது எனக்காகச் சொன்னது என்பதையும் சொன்னேன்.

அவர்கள் பாப்பாவைக் கீழே விடவில்லை. "தூங்கிட்டியா?" என்றார்கள்.

"ஆமா அத்தை."

"எவ்ளோ நேரம்?"

"ரெண்டரை மணி நேரம்."

"புள்ள?"

"அவளும்தான் அத்தை."

"நெஜமாலுமே அவன் கூப்டது உனக்குக் கேக்கல?"

"கேக்கல அத்தை."

பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து கரைப் பக்கம் நடந்தார்கள். தலையில் முக்காடு இல்லாமல் வெயிலில் போனார்கள். பின்னாலேயே போகலாமா என்று நினைத்தேன். கருவாட்டுக்குக் காக்காய் வந்தது, விரட்டிக்கொண்டு நின்றேன். நாலு மணி வரை காத்திருந்தேன். வரவில்லை. சங்கத்துக்குப் போய்ச் சம்பந்தம் அண்ணனிடமும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். நீங்கள் ஏற்கனவே சொல்லிவிட்டதாகச் சொன்னார். "ரெண்டு பேரும் தனித்தனியா வந்து நாந்தான் நாந்தான்னு சொல்றீங்க, நான் யாரை நோட்டுல எழுதறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

நீங்கள் வேண்டாம் என்று சொன்னதைச் செய்துவிட்டேன். கோபம் இருந்தால் எழுதுங்கள், மனசிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். இனிமேல் நாம் ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைத்து வைக்க வேண்டாம்.

பள்ளிக்கூட மனுவைப் பூர்த்தி செய்து வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை. அத்தை என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்த பிறகு முடிவு செய்வேன்.

மேரி

---

கோவளம்
11.1.90

மேரிக்கு,

அம்மா இரண்டு வாரம் உன் பெயரை எடுக்கவில்லை. என்னோடும் பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள். நான் உனக்கு எழுதாததற்கு அதுதான் காரணம், எழுத ஒன்றுமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ரெசிஸ்டரும் கண்டென்சரும் போட்டேன். ஆணியும் அடித்தேன். குமிழ் இப்போது கோட்டைத் தாண்டாது. ரத்தினபாயைக் கிரைண்டர் போடச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்தேன். பெட்டி வாயே திறக்கவில்லை. ரத்தினபாய், "இன்னா தம்பி, மாவு ஆட்றதுக்குக் காவலா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கிரைண்டரை நிறுத்திவிட்டாள்.

மூன்று படகும் திங்கட்கிழமையிலிருந்து வாக்கி டாக்கி எடுத்துப் போகின்றன. பகலில் யார் கேட்பது என்று சம்பந்தம் அண்ணன் ஆள் தேடிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது பெட்டிக்கு முன்னால் அம்மா உட்கார்ந்திருந்தாள். முதுகு வளையாமல், பூசையில் உட்காருவது போல. காலையிலிருந்து அப்படித்தான் என்று ரத்தினபாய் சொன்னாள். எழுதத் தெரியாதே, அதனால் எந்தப் படகு பேசினாலும் அந்தப் படகுக்கு ஒரு புளியங்கொட்டை. மூன்று கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தாள். நான் அதைப் பார்த்து நோட்டில் ஏற்றினேன்.

நேற்றுதான் முதல் முதலாக என்னோடு பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "புள்ளையையும் பாரு, பொட்டியையும் பாருன்னு ரெண்டையும் ஒருத்தி தலையில வெச்சுட்டு நாம எல்லாரும் அவங்கவங்க வேலைக்குப் போனோம். ஒருநாளு நான் வந்து ஒக்காந்து, நீ தூங்கு மேரின்னு சொல்லிருக்கலாம். சொல்லல." பிறகு, "இன்னும் அவ மூஞ்சியப் பாக்க எனக்கு முடியல. ஆனா வரச் சொல்லு. பாக்க முடியாமலே இருந்துக்கறேன்" என்றாள்.

இதை உன்னிடம் மறைக்கலாமா என்று யோசித்தேன். மறைப்பதில்லை என்று சொல்லியிருக்கிறோமே.

ஒரு கேள்வி. நாலாவது கிறிஸ்டல், நிஜமானது, இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. நாலு விளக்கும் ஓடுகின்றன. மூன்றில் நிற்கிறது, நாலாவதில் நிற்பதில்லை. இன்று காலையில் நான் கிளம்பும்போது அம்மா கேட்டாள், "ஏன்டா, அந்தக் கடைசி வெளக்கு மட்டும் நிக்கவே மாட்டேங்குது?" என்று. தெரியாமல் கேட்டாளா, தெரிந்தே கேட்டாளா என்று எனக்குப் புரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

கழற்றிவிடட்டுமா? நீ சொல்.

சவுரி

---

கிழக்குத் தாம்பரம்
17.1.1990

அன்புள்ள ஸ்டெல்லா அப்பாவுக்கு,

பொங்கல் விடுமுறையால் உங்கள் கடிதம் நேற்றுதான் வந்தது. பாப்பா மேல் வரிசையிலும் ஒரு பல் முளைத்துக் கடுகடுவென்று இருக்கிறாள். மஞ்சள் கவுன் இனி அவளுக்குச் சேருமா தெரியவில்லை.

அத்தை சொன்னதை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள். பார்க்க முடியாமலே இருக்கட்டும். நான் முகத்தைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்த மாட்டேன். அவர்கள் பெட்டியைப் பார்த்து உட்காரட்டும், நான் பின்னால் உட்கார்ந்து நோட்டில் எழுதுகிறேன். புளியங்கொட்டையையும் எடுத்துவிட வேண்டாம், அதுவும் இருக்கட்டும்.

உங்கள் கேள்விக்குப் பதில். நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கணக்கைத்தான் முதலில் சொல்கிறேன். பெட்டி ஒவ்வொரு சுற்றிலும் நாலில் ஒரு பங்கு நேரம் பாதத்தின் குரல் வருகிறதா என்று கேட்கிறது. அந்த நேரத்தில் மற்ற மூன்று பேரில் ஒருவன் வாய் திறந்தால் முதல் வார்த்தை போய்விடும். மூன்றே விளக்கு என்றால் சுற்று சீக்கிரம் முடியும், ஒவ்வொருவனையும் இன்னும் அடிக்கடி தொட்டுப் பார்க்கும். கழற்றத்தான் வேண்டும். இருந்திருந்தால் அவனும் இதைத்தான் சொல்லியிருப்பான்.

ஆனால் நீங்கள் கழற்றாதீர்கள். அத்தை ஏதாவது கேட்டால், மேரி வந்து சொல்வாள் என்று சொல்லுங்கள். அது ஏன் நிற்பதில்லை என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியவள் நான். அந்தக் கணக்கைப் போட்டவளும் நான்தான், 46.800 என்று.

பள்ளிக்கூட மனுவைக் கிழித்துவிட்டேன். அம்மா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை, அப்பாதான் பாப்பாவின் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் அனுப்பிய செத்த கிறிஸ்டல் என் கைப்பையில் இருக்கிறது. அதைத் திருப்பிக் கேட்காதீர்கள், தர மாட்டேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். கேளம்பாக்கத்துக்கு வந்து நில்லுங்கள், பாப்பாவையும் பையையும் சேர்த்துத் தூக்க முடியாது. வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டு, அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நாலாவது கிறிஸ்டலை என் கையாலேயே கழற்றுகிறேன்.

அதுவரை நாலாவது விளக்கு ஓடட்டும்.

மேரி